பாட்டுக்குக் காசு எந்த வாசலால் வருகிறது? ஸ்ட்ரீமிங் ரோயல்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு மாடிவீட்டு அறையில் பாட்டுப் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். கரையோர ரயில் போகும்போது டேக்கை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். ஸ்பொட்டிஃபை போன்ற சேவைகளில் பாட்டு கேட்கப்படும்போது வரும் உரிமைக் காசு, அதாவது ரோயல்டி பற்றி அந்த இடைவெளியில் பிளேன்டீயோடு வந்து விழும் கேள்விகள்தான் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

அண்ணா, ஸ்பொட்டிஃபை ஒரு ஸ்ட்ரீமுக்கு எவ்வளவு தரும்?

எல்லாரும் முதலில் கேட்பது இது. ஆனால் "ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு" என்று விலைப்பட்டியல் எதுவும் கிடையாது.

ஒரு பெரிய பானையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டில் ஒரு மாதம் சந்தாவாகவும் விளம்பரமாகவும் வந்த காசு அதற்குள் விழுகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமைக்காரருக்குக் கொடுப்பதாக ஸ்பொட்டிஃபை சொல்கிறது. அந்த மாதம் அந்த நாட்டில் கேட்கப்பட்ட எல்லாப் பாட்டுகளிலும் உங்கள் பாட்டு எத்தனையில் ஒரு பங்கோ, அந்தப் பங்குதான் உங்கள் கணக்கு. பானை சிறிதென்றால் பங்கும் சிறிது. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021இல். இங்கே மாதச் சந்தா கனடாவிலோ பிரித்தானியாவிலோ கட்டுவதைவிட மிகக் குறைவு. இலவசமாகக் கேட்பவர்களின் பங்கு விளம்பரக் காசிலிருந்து வருவதால் அது இன்னும் மெலிந்திருக்கும்.

அதனால்தான் உங்கள் பாட்டைக் கொட்டாஞ்சேனையில் ஆயிரம் பேர் கேட்பதும் டொரொன்டோவில் ஆயிரம் பேர் கேட்பதும் ஒன்றல்ல. மாதக் கணக்குத்தாளைத் திறந்து நாடு வாரியாகப் பாருங்கள். இலங்கை வரிசையில் தசமப் புள்ளிக்குப் பிறகு பூச்சியங்கள் நீண்டு கிடக்கும். கனடா, நோர்வே, சுவிஸ் வரிசைகளில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் தொகை கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். நம் புலம்பெயர் சொந்தங்கள் பாட்டுக் கேட்பதற்கு இப்படியும் ஒரு அர்த்தம் உண்டு.

உலக சராசரியாக வெளியே பேசப்படும் எண், ஸ்பொட்டிஃபைக்கு 0.003 முதல் 0.005 டொலர் வரை. தங்கள் சராசரி ஒரு சதம், அதாவது 0.01 டொலர் என்று அப்பிள் மியூசிக் 2021இல் கலைஞர்களுக்கு எழுதியது. இரண்டையும் வாக்குறுதியாக எடுக்காதீர்கள். ஸ்பொட்டிஃபையில் 30 விநாடி தாண்டினால்தான் அது ஒரு ஸ்ட்ரீம். இரண்டு நிமிட ஆலாபனையோடு பாட்டைத் தொடங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம். நான் தொடங்கவேண்டாம் என்று சொல்லவில்லை.

டிஸ்ட்ரோகிட்டில் போட்டாயிற்று, காசும் வருகிறது. இதோடு முடிந்ததா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

நாம் "பாட்டு" என்று ஒரே சொல்லில் சொல்வதைச் சட்டம் இரண்டாகப் பார்க்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, அதுதான் பாட்டு. அதை ஒருவர் பாடி, இன்னொருவர் வாசித்து, என்னைப் போன்ற ஒருவர் பதிந்து முடித்த ஒலி மற்றது. அது பதிவு, ஸ்டூடியோ மொழியில் மாஸ்டர். ஒரே பாட்டுக்குப் பத்துப் பதிவு இருக்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் வேறு வேறு சொந்தக்காரர் இருக்கலாம். ஆனால் பத்துக்கும் பாட்டு ஒன்றுதான்.

ஸ்ட்ரீமிங் காசும் இந்த இரண்டு வாசலால்தான் வருகிறது. பதிவுக்கான காசு பெரிய பங்கு. அது விநியோகஸ்தர், அதாவது உங்கள் பதிவை ஸ்ட்ரீமிங் சேவைகளில் ஏற்றித் தருபவர் வழியே வருகிறது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சீடி பேபி எல்லாம் அந்த வாசலில் நிற்பவர்கள். பாட்டுக்கான காசு, அதாவது கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் போகவேண்டியது, வேறு வாசலில் கிடக்கிறது. அதைத் திரட்டுவது எழுத்தாளர் சங்கங்களும் (பாட்டெழுதுகிறவர், மெட்டமைக்கிறவர் சார்பில் ரோயல்டி திரட்டும் அமைப்புகள்), அவர்களின் பாட்டுரிமையை நிர்வகிக்கும் மியூசிக் பப்ளிஷர்களும். அமெரிக்காவில் 2023 முதல் 2027 வரை இந்தப் பங்கின் அடிப்படை வீதம் சேவையின் வருமானத்தில் 15.1 சதவீதத்தில் தொடங்கி 15.35 வரை ஏறுகிறது. பதிவுக்குக் கிடைப்பதோடு பார்த்தால் சிறிய பங்கு. ஆனால் கொழும்பில் எனக்குத் தெரிந்த பாட்டெழுதுகிறவர்களில் மிகச் சிலரே அந்த வாசலைப் போய்த் தட்டியிருக்கிறார்கள்.

நான் வரி மட்டும் எழுதினேன். கையில் ஐயாயிரம் தந்தார்கள். இனி எனக்கு ஒன்றும் இல்லையா?

அந்த ஐயாயிரம் எதற்காகத் தரப்பட்டது என்று ஒரு துண்டிலாவது எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் நிலை நல்லது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. எங்கும் பதியத் தேவையில்லை. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் எழுத்தில், இரண்டு பக்கமும் ஒப்பமிட்டு இருக்கவேண்டும். காசு கைமாறியதால் மட்டும் உரிமை கைமாறாது. இதற்கு இரண்டு விலக்கு கவனத்தில் இருக்கட்டும். நீங்கள் ஒரு நிறுவனத்தில் வேலையாளாக இருந்து வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளியினது. படம் போன்ற ஒளி-ஒலிப் படைப்புகளில் தயாரிப்பாளரின் கை ஓங்கி நிற்கும்.

எழுதியவர் உயிரோடிருக்கும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் உரிமை நிலைக்கிறது. உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கும் உரிமை தனியானது, காசு வாங்கினாலும் அது போகாது.

பங்கு பிரிப்பதை எப்படி எழுதுவது? சட்டத்தரணி வேண்டுமா?

பெரிய கொம்பனியோடு ஒப்பந்தம் என்றால் வேண்டும். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து செய்த பாட்டுக்கு ஒரு தாள் போதும். என் அறையில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பு தொங்குகிறது. பாட்டு முடிந்ததும் அதிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுவேன். ஒப்பமிடாமல் ஒருவரும் இறங்கமாட்டார்கள். ஆரம்பத்தில் சிரித்தார்கள், இப்போது அவர்களே கேட்கிறார்கள்.

மேலே பாட்டின் பெயர், திகதி. அதன் கீழே இரண்டு பகுதி. முதற்பகுதி பாட்டுக்கு: வரி யார், மெட்டு யார், ஆளுக்கு எத்தனை வீதம், கூட்டினால் 100. இரண்டாம் பகுதி பதிவுக்கு: யார் செலவு செய்தார், மாஸ்டர் யாருடையது, பாடகருக்கு எவ்வளவு, இசை நிரல் செய்தவருக்கு எவ்வளவு, அதுவும் 100. கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், ஒப்பம். அவ்வளவுதான்.

எத்தனை வீதம் நியாயம் என்று கேட்பார்கள். வரிக்கு 50, மெட்டுக்கு 50 என்பது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். ஹிப்ஹொப் பிள்ளைகள் பீட், அதாவது தாள இசைத்தடம் செய்தவருக்கும் பாட்டில் பங்கு கொடுக்கிறார்கள், அதுவும் சரிதான். என் ஒரே பிடிவாதம், அன்றைக்கே பேசவேண்டும் என்பது. பாட்டு ஓடாதவரை எல்லாரும் "பரவாயில்லை மச்சான், நீயே வைத்துக்கொள்" என்பார்கள். ஓடத் தொடங்கினால் முதல் வரியைச் சொன்னது யார் என்பதில் சண்டை வரும். நானும் அந்தத் தாள் இல்லாத காலத்தில் ஒரு நட்பை இழந்தவன். ஒரு கல்யாணப் பாட்டின் பல்லவி யாருடையது என்பதில் ஆரம்பித்தது. இன்று பம்பலப்பிட்டி சந்தியில் கண்டால் இருவரும் தொலைபேசியைப் பார்ப்போம்.

எந்த விநியோகஸ்தர் நல்லது?

வருடக் கட்டணம் வாங்கிக்கொண்டு ரோயல்டி முழுவதையும் தருபவர்கள் ஒரு வகை. டிஸ்ட்ரோகிட் அப்படி. சீடி பேபி வருடக் கட்டணம் வாங்காது, வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டி வருமானத்தில் 9 வீதம் கொடுக்கவேண்டும். அடிக்கடி வெளியிடுகிறவர்களுக்கு முதலாவது. வருடத்துக்கு ஒரு பாட்டு என்றால் இரண்டாவது.

ஒரு பொறி இருக்கிறது. வருடச் சந்தா கட்டத் தவறினால் பாட்டு இறங்கிவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, வங்கி அட்டை காலாவதியானது தெரியாமல் இருந்துவிட்டார். அவருடைய ஆறு பாட்டுகளும் ஒரே இரவில் காணாமல் போயின. மீண்டும் ஏற்றும்போது ஐ.எஸ்.ஆர்.சி. இலக்கத்தைப் பழையதாகவே கொடுக்காததால், சேர்த்து வைத்த ஸ்ட்ரீம் எண்ணிக்கையும் கூட வரவில்லை.

ஐ.எஸ்.ஆர்.சி. என்றால்?

பதிவுக்கான அடையாள இலக்கம். 12 எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. விநியோகஸ்தர் தருவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு ஐ.எஸ்.டபிள்யு.சி. என்று வேறொன்று இருக்கிறது. எழுத்தாளர் சங்கத்தில் பாட்டைப் பதிந்த பிறகு வருவது அது.

என் பெயர் நான்கு விதமாக இருக்கிறதே, பரவாயில்லையா?

பரவாயிருக்கிறது! தமிழருக்கென்றே வந்த வில்லங்கம் இது. தந்தை பெயர் சிலவேளை முதலெழுத்தாக, சிலவேளை முழுதாக, சிலவேளை கடைசிப் பெயராக. "சிவ" என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் வெறும் எஸ்ஸில் தொடங்குவார், இன்னொருவர் அதோடு எச் ஒன்று கூட்டுவார். அடையாள அட்டையில் ஒன்று, வங்கிக் கணக்கில் முதலெழுத்துகளோடு ஒன்று, கடவுச்சீட்டில் வேறொன்று. பாடல் விவரத்தில் ஆசைக்குச் சூட்டிக்கொண்ட கலைப்பெயர்.

கணினிக்கு இவர்கள் நான்கு பேர். உங்கள் பாட்டு அமெரிக்காவில் ஓடி, எழுதியவரின் பெயர் எந்தச் சங்கத்தின் பதிவேட்டோடும் பொருந்தாவிட்டால், காசு "உரியவர் தெரியவில்லை" என்ற பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டி எவ்வளவு பெரியது தெரியுமா? 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்ட்ரீமிங் சேவைகள், அதுவரை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்த சுமார் 42 கோடி 40 லட்சம் டொலரைக் கொண்டுபோய் ஒப்படைத்தன. அத்தனையும் பாட்டெழுதியவர்களின் காசு.

கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளை எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். கலைப்பெயரைக் கலைஞர் பெயர் என்ற இடத்தில் மட்டும் போடுங்கள். எழுதியவர் என்ற இடத்தில் சட்டப்பெயர். சங்கத்தில் சேர்ந்தால் ஐ.பி.ஐ. என்ற இலக்கம் கிடைக்கும். பெயர் எப்படிப் பிசகினாலும் அந்த இலக்கம் பிசகாது.

கொழும்பில் இருந்துகொண்டு அந்த இரண்டாம் வாசலை எப்படித் தட்டுவது?

இலங்கையில் கூட்டாக ரோயல்டி திரட்டும் அமைப்பு எதுவானாலும் சட்டப்படி தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் பதிவு பெற்றிருக்கவேண்டும். சேருமுன் அந்தப் பதிவையும், எந்த வெளிநாட்டுச் சங்கங்களோடு உடன்படிக்கை இருக்கிறது என்பதையும் கேளுங்கள். அந்த உடன்படிக்கை இல்லாவிட்டால் இலண்டனில் ஓடிய பாட்டின் காசு இங்கே வந்து சேராது.

இரண்டாவது வழி, வெளிநாட்டுச் சங்கம் ஒன்றில் நேரே சேர்வது. பிரித்தானியாவின் பி.ஆர்.எஸ்., அமெரிக்காவின் ஆஸ்காப் போன்றவை. ஒரே உரிமையை ஒரே நேரத்தில் இரண்டு சங்கத்திடம் ஒப்படைக்காதீர்கள், சிக்கல் வரும்.

மூன்றாவதாக, அமெரிக்க ஸ்ட்ரீமிங்கின் மெக்கானிக்கல் ரோயல்டியை (பாட்டைப் பிரதி எடுப்பதற்காக எழுதியவருக்கு வரும் காசை) மட்டும் திரட்டும் எம்.எல்.சி. என்ற அமைப்பு 2021 ஜனவரி முதல் இயங்குகிறது. சேரக் கட்டணம் இல்லை. மேலே சொன்ன 42 கோடி போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். பப்ளிஷரோ வேறு சங்கமோ உங்கள் அமெரிக்க மெக்கானிக்கலைத் திரட்டாவிட்டால் நீங்களே உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதியலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உட்கார்ந்தால் இருபது பாட்டைப் பதிந்துவிடலாம், பங்குத்தாள் கையில் இருந்தால். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் நண்பர்களுக்கு அழைப்பெடுத்தே இரவாகிவிடும்.

இதெல்லாம் தலைவலி என்றால் பப்ளிஷிங் நிர்வாகச் சேவைகள் இருக்கின்றன. ஒரு சதவீதம் எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பதிந்து தருவார்கள். எடுக்கும் வீதத்தையும், எத்தனை வருடம் கட்டிப்போடுகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் ஸ்ட்ரீம் வராவிட்டால் காசே இல்லையாமே?

ஸ்பொட்டிஃபையில் 2024 முதல் அப்படித்தான். கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பதிவு பானைக்குள் சேராது. ஆனால் இது பதிவுக்கான காசுக்குத்தான். எழுதியவரின் காசுக்கு இந்த எல்லை இல்லை.

அப்படியானால் ஸ்ட்ரீம் வாங்கினால்?

வேண்டாம். பத்தாயிரம் ஸ்ட்ரீம் இத்தனை டொலர் என்று இன்ஸ்டகிராமில் வந்து விற்பவர்கள் யந்திரத்தைத்தான் ஓடவிடுகிறார்கள். ஸ்ட்ரீமிங் சேவைக்காரர் கண்டுபிடித்தால் எண்ணிக்கையை அழிப்பார்கள், பாட்டை இறக்குவார்கள். அப்பட்டமான மோசடிக்குப் பாட்டொன்றுக்கு விநியோகஸ்தரிடம் தண்டம் அறவிடும் முறையும் வந்துவிட்டது. அது உங்கள் கணக்கில்தான் வந்து விழும். நீங்கள் வாங்காமலே, ஏதோ ஒரு பிளேலிஸ்ட்காரர் தானாகச் சேர்த்து மாட்டிவிடுவதும் நடக்கிறது. திடீரென்று நீங்கள் கேள்விப்படாத ஒரு நகரத்திலிருந்து மட்டும் ஸ்ட்ரீம் குவிந்தால் விநியோகஸ்தருக்கு உடனே எழுதுங்கள்.

சினிமாப் பாட்டை நாங்கள் பாடிப் போடலாமா? பாரதியார் பாட்டு? கீர்த்தனை?

உங்கள் குரலில் புதிதாகப் பதிந்தால் பதிவு உங்களுடையது. பாட்டு உங்களுடையதல்ல. ஆகவே கவர் உரிமம் வேண்டும், பெரிய விநியோகஸ்தர்கள் அதை எடுத்துத் தரும் வசதி வைத்திருக்கிறார்கள். வரியை மாற்றினால், கொழும்பு வழக்கில் ராப் ஒன்றை நடுவில் சொருகினால் அது கவர் அல்ல. தனி அனுமதி வேண்டும். வீடியோவுக்கும் கவர் உரிமம் செல்லாது. மூல இசைத்தடத்தின்மேல் பாடினால் கதை முடிந்தது, பாட்டும் பதிவும் இரண்டுமே சென்னைக் கொம்பனியினது.

பாரதியார் 1921இல் மறைந்தார், வரிக்குத் தடையில்லை. ஆனால் உங்கள் காதில் ஒலிக்கும் மெட்டு பெரும்பாலும் பிற்காலத்து இசையமைப்பாளர் ஒருவருடையது. வேறு மெட்டுப் போடுங்கள், அல்லது அனுமதி எடுங்கள். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவர் கீர்த்தனை எல்லாருக்கும் பொது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், 70 வருடக் கணக்கு அங்கே இன்னும் முடியவில்லை. தேவாரத்துக்குப் பயமில்லை. உங்கள் தேவாரப் பதிவை வேறொருவர் எடுத்துப் போட்டால் நீங்கள்தான் கேள்வி கேட்கலாம்.

யூடியூப்பில் வாங்கிய பீட்டுக்கு மேல் பாடினேன். கொன்டென்ட் ஐடியில் போடலாமா?

கொன்டென்ட் ஐடி என்பது, உங்கள் பதிவு வேறு யாரின் வீடியோவில் வந்தாலும் யூடியூப் தானாகக் கண்டுபிடித்து உங்கள் பெயரில் உரிமை கோரும் (கிளெய்ம்) முறை. லீஸுக்கு, அதாவது பலருக்கும் வாடகைக்குக் கொடுக்கும் முறையில் எடுத்த பீட் என்றால் போடாதீர்கள். அதே பீட்டை இன்னும் நூறு பேர் எடுத்திருப்பார்கள், உங்கள் பெயரில் அத்தனை பேருக்கும் கிளெய்ம் போய்விடும். லீஸ் ஒப்பந்தத்தில் ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு உச்ச எல்லையும் இருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை.

யூடியூப் காசு வேறு கணக்கா?

ஆம். உங்கள் சனலில் வரும் விளம்பரக் காசு ஒன்று. அதற்கு 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷோர்ட்ஸ் பார்வை) வேண்டும். வழமையான வீடியோவுக்கு விளம்பர வருமானத்தில் 55 வீதம் உங்களுக்கு. வேறு யாராவது கல்யாண வீடியோவில் உங்கள் பாட்டைப் போட்டால் வருவது கொன்டென்ட் ஐடி காசு, அது விநியோகஸ்தர் வழியே வரும். விநியோகஸ்தரிடம் கொன்டென்ட் ஐடி கொடுத்தால் உங்கள் சொந்தச் சனலைக் கிளெய்மிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பாட்டுக்கு உங்களுக்கே கிளெய்ம் வரும், பதறியடித்து எனக்கு அழைப்பெடுப்பீர்கள்.

யூடியூப் விளம்பரக் காசு சேரும் அட்சென்ஸ் கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் இலக்கம் அனுப்புவார்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கை இலக்கத்தையும் திருத்தமாகக் கொடுத்து, கீழே காவலாளி ஐயாவிடமும் சொல்லி வையுங்கள். 100 டொலர் தாண்டினால் வங்கிக்கு வரும்.

காசு இலங்கைக்கு வருவது எப்படி? வருமான வரி?

பேபாலை நம்பி விநியோகஸ்தரைத் தெரிவு செய்யாதீர்கள். நீண்ட காலமாக இங்கே பேபாலில் பணம் கட்டத்தான் முடிந்தது, பெற முடிந்ததில்லை. பெயோனியர் என்ற பணப்பரிமாற்றச் சேவை அல்லது நேரே வங்கிப் பரிமாற்றம். சிறு தொகையை ஒவ்வொரு மாதமும் எடுத்தால் கட்டணமே விழுங்கிவிடும், சேரவிட்டு எடுங்கள்.

அமெரிக்க வரிப் படிவம் டபிள்யு-8பென் கேட்பார்கள். பயந்து மூடிவிடாதீர்கள். அமெரிக்காவில் பிறக்கும் ரோயல்டிக்கு அங்கே 30 வீதம் பிடிப்பார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருப்பதால், படிவத்தில் அதைக் கோரினால் 10 வீதம்தான். படிவமே கொடுக்காவிட்டால் யூடியூப் உலகம் முழுவதும் வந்த வருமானத்திலேயே 24 வீதம் வரை பிடிக்கலாம். உள்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 லட்சம் ரூபா வரை தனிநபர் வரிவிலக்கு. அதைத் தாண்டுகிறவர்கள் கணக்காளரைப் பாருங்கள். பாட்டாலேயே தாண்டினால் எனக்கும் ஒரு கொத்து வாங்கித் தாருங்கள்.

நாதஸ்வரம், மிருதங்கம், புல்லாங்குழல் வாசித்தவர்களுக்கு?

பெரும்பாலும் அன்றைய சம்பளம் மட்டும். ஒப்பந்தத்தில் பங்கு எழுதினால்தான் ஸ்ட்ரீமிங்கில் வரும். விநியோகஸ்தர் தளங்களில் ஒரு பங்கைத் தானாகப் பிரித்து இன்னொருவருக்கு அனுப்பும் வசதி இருக்கிறது, இரண்டு வீதம் ஒதுக்கினாலும் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

அப்பா வானொலிக்கு மெல்லிசைப் பாட்டு எழுதியவர். இப்போது யாரோ யூடியூப்பில் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு உரிமை உண்டா?

வரிக்கு உண்டு. அப்பா மறைந்து 70 வருடம்வரை அது குடும்பத்தினது, அவர் வேலையாளாக இருந்தோ எழுத்தில் விற்றோ இருந்தாலொழிய. பதிவு அதைச் செய்த நிறுவனத்தினது. அதன் காலம் வெளியான வருடத்திலிருந்து 50 வருடம், எழுபதுகளின் தொடக்கத்தில் வெளியான பதிவுகளுக்கு அது முடிந்தும் விட்டது. எனவே பழைய பதிவைத் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் எழுதியவராக அப்பாவின் பெயரைப் பதிந்து பாட்டின் பங்கைக் கேட்கலாம். அதற்குச் சான்று வேண்டும்: ஒப்பந்தக் கடிதம், சம்பளத் துண்டு, கையெழுத்துப் பிரதி, எதுவானாலும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தெஹிவளையில் இருந்து வந்த ஒரு அக்கா. அடுத்த கிழமை பழைய சிஆர் கொப்பி ஒன்றோடு வந்தார். பாட்டொன்றுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் திகதி, மெட்டமைத்தவர் பெயர், பாடியவர் பெயர், கிடைத்த தொகை. ஒரு பக்கத்தில் மட்டும், "பல்லவி அவருடையது, சரணம் என்னுடையது" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தது.